சூடாகாத மெத்தை

கடைக்குள் நுழைந்ததும் முதலில் முகத்தில் அடிப்பது குளிர்தான். மின்கட்டணத்தைப் பற்றி மெத்தைக் கடை முதலாளி புலம்பாத நாளில்லை. ஆனால் ஏசியைக் குறைக்க மட்டும் யாரையும் விடமாட்டார். வெயிலில் வியர்த்து வழிந்து வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உடம்புக்கேற்ப அமுங்கும் மெமரி ஃபோம் மெத்தையில் முதுகைச் சாய்த்தால் ‘அப்பாடா’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் வியாபாரம் முக்கால்வாசி முடிந்தது என்பது அவர் கணக்கு. அப்பாடா போட வைத்தது மெத்தையா ஏசியா என்று படுத்தவர்கள் யாரும் யோசித்ததில்லை. பக்கத்தில் நின்று விற்றவர்களுக்கு யோசிக்க வேண்டிய அவசியமில்லை.

அந்தக் கடையின் மூத்த விற்பனையாளரை எல்லாரும் ஜெல் அண்ணன் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மெத்தைக்குள் ஊற்றியிருக்கும் குளிர்ச்சி ஜெல்லைப் பற்றி அவர் பேசும் பேச்சைக் கேட்டுக் கேட்டு, கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் இது. அவருக்கும் அதில் வருத்தமில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான்.

அன்று இரட்டைக் குழந்தைகளின் தாய் ஒருவர் மெத்தை பார்க்க வந்திருந்தார். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்தவர், வழக்கமான அப்பாடாவைப் போட்டுவிட்டு, வழக்கமான கேள்வியையும் கேட்டார்.

“இது சூடாகும்னு சொல்றாங்களே?”

“யாரு சொன்னது மேடம்?” ஜெல் அண்ணன் சிரித்தார். “அதெல்லாம் பழைய மெத்தைக்கு. இதுல உள்ளே ஜெல் இருக்கு. உடம்புச் சூட்டை அப்படியே இழுத்துக்கும். நீங்களே படுத்திருக்கீங்க, சுடுதா?”

“இல்ல. ஜில்லுனுதான் இருக்கு.”

“எங்க வீட்லயும் இதேதான் மேடம். என் சம்சாரம் ஸ்கூல் வேன் ஓட்டறா. நாள் முழுக்க இன்ஜின் சூடு. ராத்திரி இதுல படுத்தான்னா விடியற வரைக்கும் அசையமாட்டா. நான்தான் தட்டி எழுப்பணும்.”

அந்த அம்மா எழுந்து உட்கார்ந்தார். “வேன் அக்காவா? அட, எங்க ரெண்டும் அவங்க வண்டியிலதான் போகுதுங்க! தங்கமான மனுஷி. அவங்க வீட்டுக்காரரா நீங்க?”

அதற்குமேல் ஜெல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கவில்லை. வேன் அக்கா படுக்கும் மெத்தை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அந்த அம்மா வாங்கிவிட்டார்.

வாங்கிப் போனவர்களில் சிலர் கோடைக்காலத்தில் திரும்பி வருவதும் உண்டு. அவர்களுக்காக ஜெல் அண்ணனிடம் மூன்று பதில்கள் இருந்தன. முதல் தடவை வந்தால், ‘புதுசுதானே, பழகிடும்’ என்பார். மறுபடி வந்தால், ‘விரிப்பை மாத்திப் பாருங்க’ என்பார். அதற்கும் மசியாமல் மூன்றாம் முறை வருகிறவர்களை ஏற இறங்கப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, ‘தப்பா நினைக்காதீங்க, அது உங்க உடம்பு வாகு’ என்பார். இந்த மூன்றாவது பதிலுக்குப் பிறகு யாரும் வந்ததில்லை. மெத்தையோடு சண்டை போடலாம், சொந்த உடம்போடு யார் சண்டை போடுவார்கள்? தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள்.

இனி வீட்டுக்கு வருவோம்.

படுக்கையறை சின்னது. கட்டில் பெட்டிக் கட்டில், நாலு பக்கமும் பலகை அடைத்தது. உள்ளே பழைய பாத்திரங்களும் கம்பளிகளும் அடைந்து கிடந்தன. அதன்மேல்தான், கடையில் காட்சிக்கு வைத்திருந்து சலுகையில் கிடைத்த மெமரி ஃபோம் மெத்தை. கறை பட்டால் கியாரண்டி போய்விடும் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிப்போனதால், ஜெல் அண்ணன் தன் வீட்டு மெத்தைக்கும் தண்ணீர் இறங்காத உறையைப் போட்டிருந்தார். அடிப்பக்கம் ரப்பர், திரும்பிப் படுத்தால் சரசரவென்று பேசும். சாலைத் தூசு வருகிறதென்று ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தார்கள். ஃபேன் இருந்தது. ஆனால் ஜெல் அண்ணனுக்கு சைனஸ். ஃபேன் வேகமாகச் சுற்றினால் காலையில் அடுக்குத் தும்மல் போடுவார்.

மெத்தை வந்த அதே வருஷம்தான் வேன் அக்காவின் உடம்பிலும் ஏதோ மாறியது. அவருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. சும்மா இருக்கும்போதே நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பும். கழுத்துக்கு ஏறும், காது மடல் பற்றிக்கொண்டு எரியும், பிறகு குப்பென்று வியர்த்துக் கொட்டும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி உடம்பு சில்லிட்டுப் போகும். பகலில் வந்தால் சமாளித்துவிடுவார். வேன் ஜன்னலைத் திறந்துவிட்டால் காற்று முகத்தில் அடிக்கும், சரியாகிவிடும். இரவில்தான் அந்த மெத்தை அவரைப் படாத பாடு படுத்தியது. படுத்த கொஞ்ச நேரத்தில் மெத்தை இளகும். உடம்பு உள்ளே அமுங்கும். முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவில் ஊசி நுழையவும் இடமிருக்காது. அந்தச் சமயம் பார்த்து உள்ளேயிருந்து சூடு கிளம்பும்.

தன் அம்மாவுக்கு இப்படி வந்ததா என்று அவருக்குத் தெரியாது. அம்மா சொன்னதில்லை. அக்கா, சித்தி, அத்தை யாரும் சொன்னதில்லை. எல்லாருக்கும் வந்திருக்கும், எல்லாரும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பார்கள்.

“என்னங்க, இந்த மெத்தை கொதிக்குதுங்க” என்றார் ஒரு நாள் காலையில், காபி டம்ளரை நீட்டிக்கொண்டே.

“புதுசுதானே. பழகிடும்” என்றார் ஜெல் அண்ணன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

வேறொரு காலையில் மறுபடி சொன்னபோது, விரிப்பை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். பூப்போட்ட விரிப்பு போய், கோடு போட்ட விரிப்பு வந்தது. இரண்டும் ஒரே நைலான் துணி.

மூன்றாவது தடவை வேன் அக்கா சொன்னபோது குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. “என்னால முடியலங்க. தூங்கியே ரொம்ப நாளாச்சு. வண்டி ஓட்டறப்ப கண்ணு சொருகுது.”

ஜெல் அண்ணன் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. வருஷக்கணக்கில் ஊறிப்போன வாய், தன்னால் வந்துவிட்டது. “அது உன் உடம்பு வாகும்மா. மெத்தை என்ன பண்ணும்?”

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் ஷூ நாடாவைக் கட்டியபடியே சொன்னாள்: “அப்பா, அம்மா உங்க கஸ்டமர் இல்ல.”

“கஸ்டமரா இருந்தா இவ்ளோ நேரம் பேசியிருக்கவே மாட்டேன்டி” என்றார் அவர். மகள் சிரித்தாள். வேன் அக்காவும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுபடி அழுகைக்குப் போக முடியாதல்லவா? சேலைமேல் டிரைவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார்.

ஆனால் மூன்றாவது பதில் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்தில் படுத்திருக்கும் மனுஷன் குறட்டை விட்டுத் தூங்குகிறார், தனக்கு மட்டும் எரிகிறது. அப்படியென்றால் கோளாறு தன்னிடம்தானே? என்ன நோயோ, ஏது நோயோ என்று பயம் பிடித்தது. டாக்டரிடம் போனால் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று இன்னொரு பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரைக்குப் போனார். தரை ஓடு சில்லென்று இருந்தது. கொல்லைக் கதவின் கீழ்ச் சந்து வழியாகக் காற்றும் வந்தது. தூங்கினார். சில நாள்கள் முகமே தெளிந்துவிட்டது. வேனில் பிள்ளைகளோடு சேர்ந்து பாட்டெல்லாம் பாடினார்.

அந்தத் தூக்கத்துக்கும் கேடு வந்தது, விருந்தாளி உருவத்தில். ஜெல் அண்ணனின் தம்பி வந்து தங்கியிருந்தார். காலையில் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவருக்கு அண்ணியைத் தாண்டிப் போக வேண்டியதாகிவிட்டது. வெளியே வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“என்னண்ணே இது கூத்து! ஊருக்கெல்லாம் மெத்தையைத் தலையில கட்டற, அண்ணி என்னடான்னா அடுப்படியில சுருண்டு கிடக்கறாங்க!”

ஜெல் அண்ணனுக்கு முகம் செத்துப்போனது. தம்பி கிளம்பிப் போகிறவரை பொறுத்திருந்துவிட்டு மனைவியிடம் பாய்ந்தார்.

“என் மானத்தை வாங்கணும்னே படுத்தியா? இவன் நாலு பேர்கிட்ட சொல்வான். என் பொண்டாட்டியே படுக்காத மெத்தையை எவன் வாங்குவான்? என் பொழைப்பு என்னாகும்னு கொஞ்சமாவது யோசிச்சியா?”

“தூக்கம் வரலங்க. அதான்...”

“உள்ளே வந்து படு. படுக்கப் படுக்கத்தான் பழகும்.”

வேன் அக்கா அன்றிலிருந்து மறுபடி மெத்தையில் படுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு விழித்துக் கிடந்தார். காலையில் கண்ணில் தண்ணீரை அடித்துக்கொண்டு, வாயில் கிராம்பைப் போட்டு மென்றுகொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டால், அவர்கள் கதவைத் தாண்டி உள்ளே போகிறவரை வண்டியை நகர்த்தமாட்டார். அப்படிப்பட்டவரின் வேன்தான், பள்ளிக்குப் பக்கத்துத் திருப்பத்தில், பட்டப்பகலில், நடைபாதை மேல் ஏறி ஒரு மதிற்சுவரில் போய் முட்டியது. வேகமில்லை, அதனால் பிள்ளைகள் தப்பித்தார்கள். இருந்தாலும் இரட்டையரில் ஒன்று முன்சீட்டுக் கம்பியில் மோதி நெற்றி புடைத்துக்கொண்டது. வேன் அக்கா முதலில் அந்தப் பிள்ளையைத் தூக்கினார். மற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு வேன் படியில் உட்கார்ந்தார்.

கண் அசந்துவிட்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். பிரேக்கின் மேல் பழியைப் போட்டிருக்கலாம், போடவில்லை. பள்ளியின் வண்டிப் பொறுப்பாளர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, பெற்றோர்களைக் கூப்பிட்டுப் பேசிய பிறகுதான் முடிவு என்றார். வீட்டிலிருந்தும் ஒருவர் வர வேண்டும் என்றார்.

கூட்டம் ஒரு வகுப்பறையில் நடந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலைத் தாடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு நாளாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். வேன் அக்கா கரும்பலகைப் பக்கம் நின்றார். உட்காரச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை. ஜெல் அண்ணன் கடைசி வரிசையில் இடம் பிடித்துக்கொண்டார்.

“பகல்ல எப்படிம்மா தூக்கம் வரும்?” என்றார் ஒரு தகப்பன். “ராத்திரி வேற வேலைக்கு ஏதாவது போறீங்களா?”

“இல்லங்க. ராத்திரி தூங்க முடியல.”

“ஏன்?”

வேன் அக்கா முந்தானை நுனியைக் கையில் சுருட்டினார். “உடம்பு எரியுது. படுக்கற மெத்தை... ரொம்ப சூடாகுது.”

வகுப்பறையில் சிரிப்பு எழுந்தது. மெத்தைச் சூட்டால் சுவரில் முட்டிய வேன் கதையை யாரும் கேட்டதில்லை. வண்டிப் பொறுப்பாளர்கூட பேனாவால் வாயை மறைத்துக்கொண்டார். சிரிக்காமல் இருந்தவர் இரட்டையரின் தாய் மட்டும்தான். அவர் மடியில் நெற்றி வீங்கிய பிள்ளை உட்கார்ந்திருந்தது.

“அக்கா, நான் உங்களை ரொம்ப நம்பினேன்” என்றார் அவர். “நடந்தது நடந்துபோச்சு, பொய் எதுக்கு? நீங்க அந்த மெத்தையில படுத்தா விடியற வரைக்கும் அசையறதே இல்லைன்னு உங்க வீட்டுக்காரரே என்கிட்ட சொன்னாரு. அதைக் கேட்டுத்தான் நானும் வாங்கினேன். அதோ பின்னாடி உட்கார்ந்திருக்காரே, கேளுங்க.”

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. வேன் அக்காவும் திரும்பிப் பார்த்தார். தன் தூக்கத்தைக் கடையில் வைத்து விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“ஆமாவா சார்?” என்றார் வண்டிப் பொறுப்பாளர். “நல்லா தூங்கறாங்களா?”

ஜெல் அண்ணன் எழுந்து நின்றார். ஆமாம் என்றால் மனைவி பொய்க்காரி. இல்லை என்றால் இவர் பொய்க்காரர். அந்த அறையில் அவரிடம் மெத்தை வாங்கியவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் முகமெல்லாம் அவருக்குத் தெரியும். நடுவில் ஒரு வழி இருக்குமா என்று மனம் தேடியது. நாக்கு அதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது.

“மெத்தையில ஒண்ணும் குறையில்ல சார்” என்றார். “அது... அவ உடம்பு வாகு.”

சொல்லிவிட்டு உட்காரப் போனார். வாடிக்கையாளர்கள் என்றால் இந்த இடத்தில் எழுந்து போய்விடுவார்கள், பேச்சு முடிந்துவிடும். இங்கே முடியவில்லை.

“உடம்பே அப்படின்னா அப்புறம் எதுக்கு சார் யோசனை?” என்றார் வண்டிப் பொறுப்பாளர், பெஞ்சுகளைச் சுற்றிப் பார்த்தபடி. “எப்ப வேணும்னாலும் தூங்கிடற உடம்பை நம்பி பிள்ளைங்களை எப்படி அனுப்பறது? இன்னையோட முடிச்சுக்கலாம். என்ன சொல்றீங்க?”

பலரும் தலையை ஆட்டினார்கள். வேன் அக்கா கழுத்தில் மாட்டியிருந்த பள்ளி அடையாள அட்டையைக் கழற்றினார். அதன் கயிறு கொண்டையில் சிக்கிக்கொண்டது. இரண்டு கையாலும் பொறுமையாக எடுத்து, அட்டையை மேசைமேல் வைத்தார்.

ஜெல் அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் தன் மூன்றாவது பதிலைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனவர்களை அவர் ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்லை, முதுகைத்தான் பார்த்திருக்கிறார். இப்போது முகத்தைப் பார்த்தார். வெட்கம் வந்தது.

“சார், ஒரு நிமிஷம்.” கையைத் தூக்கினார். “நான் சொன்னது பொய்.”

“எது பொய்? இப்ப சொன்னதா, கடையில சொன்னதா?” என்று ஒரு தகப்பன் குறுக்கே கேட்டார்.

“ரெண்டும். அவ தூங்கல. எப்ப இருந்து தூங்கலன்னு எனக்கே தெரியாது, ஏன்னா நான் பக்கத்துல நல்லா தூங்கிட்டு இருந்தேன். சூடாகுது, முடியலன்னு மூணு தடவை சொன்னா. கடையில சொல்ற பதிலையே சொன்னேன். அடுப்படித் தரையில போய்ப் படுத்தா, அங்க நல்லா தூங்கினா. நான்தான் மானம் போகுதுன்னு திட்டி, இழுத்துட்டு வந்து மறுபடி மெத்தையில படுக்க வெச்சேன். கண்ணு சொருகுதுன்னும் சொன்னா சார். அதையும் கேட்டுட்டுத்தான் வண்டிக்கு அனுப்பினேன். வேன் சுவத்துல முட்டினதுக்கு நான்தான் காரணம்.”

யாரும் சிரிக்கவில்லை. இரட்டையரின் தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“அப்ப எனக்கு வித்தது?”

“சூடாகும்மா” என்றார் ஜெல் அண்ணன். “ஜெல் கொஞ்ச நேரம் குளிர்ச்சியா இருக்கும். அப்புறம் அதுவும் உடம்புச் சூட்டை வாங்கிக்கும். ஃபோமுக்குள்ள காத்துப் போறதில்ல. எல்லாருக்கும் சுடாது. யாருக்குச் சுடும்னு படுத்தாத்தான் தெரியும். கடையில ஏசியில அஞ்சு நிமிஷம் படுத்தா தெரியாது.”

“இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?” அந்த அம்மாவின் குரல் உயர்ந்தது. “எங்க மாமியார் அதுலதான் படுக்கறாங்க. ‘வியர்க்குதும்மா’ன்னு அவங்க சொன்னப்ப, நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘உங்களுக்கு எதைக் கொடுத்தாலும் குறைதான் அத்தை’ன்னு சொன்னேன்.”

சொல்லிவிட்டுப் பிள்ளையோடு மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தார்.

கூட்டம் அதோடு கலைந்துவிடவில்லை. பெற்ற பிள்ளைகள் விஷயம், காரணம் எதுவானாலும் வேன் முட்டியது முட்டியதுதான் என்று சிலர் விடாப்பிடியாக நின்றார்கள், அதில் தப்பும் இல்லை. கடைசியில் டாக்டரிடம் காட்டி, நன்றாகத் தூங்கி எழுந்து, டாக்டர் எழுதிக் கொடுத்தால் அடுத்த மாதம் வண்டியைத் தரலாம் என்று முடிவானது. இரண்டு வீட்டார் அதற்கும் சம்மதிக்காமல் பிள்ளைகளை வேறு வண்டிக்கு மாற்றிக்கொண்டார்கள். அடையாள அட்டை மேசையிலேயே இருந்தது.

டாக்டர் ஒரு பெண். வேன் அக்காவிடம் மாதவிலக்கைப் பற்றி நாலு கேள்வி கேட்டார், ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். மறுநாள் முடிவைப் பார்த்துவிட்டுச் சிரித்த முகமாகச் சொன்னார்:

“பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லம்மா. மாதவிலக்கு நிக்கற வயசு. இந்தச் சமயத்துல பாதிக்கு மேல பொம்பளைங்களுக்கு இப்படித் திடீர்னு சூடு கிளம்பும். நிறைய பேர் வாயைத் திறக்கறதில்ல, அவ்ளோதான். தேவைப்பட்டா மருந்து இருக்கு, பாத்துக்கலாம். சரி, எதுல படுக்கறீங்க?”

வேன் அக்கா சொல்லத் தொடங்குவதற்குள் ஜெல் அண்ணன் வாயைத் திறந்தார். திறந்தவர், மனைவியைப் பார்த்துவிட்டு அப்படியே மூடிக்கொண்டார். மெத்தை, ரப்பர் உறை, பெட்டிக் கட்டில், சாத்திய ஜன்னல், நைலான் விரிப்பு என்று வேன் அக்காவே ஒன்றுவிடாமல் சொன்னார். கேட்கக் கேட்க டாக்டரின் புருவம் மேலே ஏறிக்கொண்டே போனது.

“ஏம்மா, இட்லிச் சட்டியில படுத்திருக்கீங்களே!” என்றார். “முதல்ல அந்த ரப்பர் உறையைக் கழட்டுங்க. வேணும்னா பருத்தி உறை போடுங்க. விரிப்பும் பருத்திதான். மெத்தைக்கு அடியில காத்துப் போகணும், அடைச்ச பலகை வேண்டாம். சாயங்காலமே ஜன்னலைத் திறந்து ரூமை ஆற விடுங்க. ஃபேன் நல்லா சுத்தட்டும். இதெல்லாம் பண்ணியும் முடியலன்னா அந்த மெத்தை உங்களுக்கு ஒத்துக்கலன்னு அர்த்தம். இலவம்பஞ்சு மெத்தை போடுங்க. இல்லையா, தரைதான் சுகமா இருக்குன்னா பாய் விரிச்சுத் தரையிலயே படுங்க. தூங்கணும், அதுதான் முக்கியம்.”

“ஃபேன் சுத்தினா எனக்குத் தும்மல் வரும் டாக்டர்” என்றார் ஜெல் அண்ணன், தயங்கிக்கொண்டே.

“அப்ப நீங்க ஹால்ல படுங்க” என்றார் டாக்டர்.

கடையில் விஷயம் முதலாளியின் காதுக்குப் போகாமல் இருக்குமா? கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவர் மெத்தையைத் திருப்பிக் கொடுக்கவே வந்துவிட்டார். முதலாளி கத்தித் தீர்த்தார். கடையை மூடவா உன்னை வைத்திருக்கிறேன் என்றார். ஜெல் அண்ணன் வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றார். வேலை போகவில்லை, வியாபாரம் தெரிந்த வேறு ஆள் கிடைக்காததுதான் காரணம். ஆனால் ‘எங்க வீட்லயும் இதேதான்’ என்ற பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை. சுடுமா என்று கேட்கிறவர்களிடம் சிலருக்குச் சுடும் என்றே சொன்னார். கேட்டுவிட்டு இலவம்பஞ்சுப் பக்கம் போனவர்களும் உண்டு. தெரிந்துகொண்டு வாங்கிப் போனவர்களும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் மகளும் சேர்ந்து பெட்டிக் கட்டிலைக் காலி செய்தார்கள். பக்கப் பலகைகளைக் கழற்றி, மேல்பலகையை எடுத்துவிட்டு இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்தார்கள். மெத்தையை எடுத்து நிறுத்தினால் நிற்காமல் மடங்கி மடங்கி விழுந்தது. மகள் அதன் அடியில் மாட்டிக்கொண்டு கத்தினாள். வேன் அக்கா ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இருவரும் படும் பாட்டை வேடிக்கை பார்த்தார். சில நாள்களாகச் சமையலறைத் தரையில் யார் தயவும் கேட்காமல் தூங்கிக்கொண்டிருந்ததால் முகத்தில் களை திரும்பியிருந்தது.

ஜெல் அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து மனைவியின் முன்னால் நின்றார்.

“இந்த மெத்தையை வித்துத் தொலைச்சிடறேன்” என்றார். “பாழாப்போன மெத்தை. இதனாலதான் எல்லாம்.”

“மெத்தை என்னங்க பண்ணிச்சு?” என்றார் வேன் அக்கா. குரலில் கோபம் இல்லை. அதுதான் ஜெல் அண்ணனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “உங்களுக்கு அதுல நல்லாத் தூக்கம் வருது, நீங்க படுங்க. பிரச்சனை அது இல்ல. சுடுதுன்னு நான் மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் நீங்க பதில் சொன்னீங்க. ஒரு தடவையாவது ‘எங்க சுடுது, எப்படி இருக்கு’ன்னு கேட்டீங்களா? கேட்டிருந்தா அந்தப் பிள்ளை நெத்தி புடைச்சிருக்காது. எனக்கு என்னமோ பெரிய நோய்னு நான் பயந்து செத்திருக்கமாட்டேன்.”

ஜெல் அண்ணன் தலையைக் குனிந்தார். மகள் விரிப்பை மடிப்பதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள்.

“கடையில எப்படியோ போங்க. வீட்ல ஒருத்தர் முடியலன்னு சொன்னா, பதில் தேடாதீங்க. முதல்ல நம்புங்க. எரியறது யாருக்கோ, அவங்களுக்குத்தான் அது தெரியும்” என்றார் வேன் அக்கா.